முதல் சொல் சம்பந்திக்கு

ஜனவரி 12

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். முதலில் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். எழுத்துகள் கோட்டை மதிக்கவில்லை. ஒன்று மேலே ஏறுகிறது, அடுத்தது கீழே குதிக்கிறது. இந்தப் பத்தி எழுதவே அரை மணி நேரம் ஆகிவிட்டது. ஆனால் இது என் கை. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைத்தது அல்ல. அறுபத்தெட்டு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் உங்களுக்குத்தான்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நடக்க முடிகிறதா? மாடிப்படி ஏற வேண்டாம். இங்கே நானும் என் மகனும் நலம்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் விரிப்பும் உறையும் வெளுத்தவன் நான். எண் தெரியும், வார்டு நம்பர் பார்த்து அடுக்கிவிடுவேன். எழுத்து தெரியாது. போன வருஷம் முழுக்க, சாயங்காலம் ஆனால் உங்கள் மகள் சமையலறை மேஜையில் என்னை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். கடைசியில் செய்தித்தாளே படித்தேன். உங்களைக் கவனித்துக்கொள்ள அவள் அங்கே வந்து மூன்று வாரம் ஆகிறது. என் தப்பைத் திருத்த இங்கே ஆள் இல்லை.

எப்போது திரும்புவாள் என்று எழுதுங்கள். மகன் வாயைத் திறந்து கேட்க மாட்டான். எதுவானாலும் என் மூலமாகத்தான். "அப்பா, சட்டைப் பட்டன் போச்சுன்னு அவகிட்ட சொல்லுங்க." "அப்பா, நாளைக்குச் சீக்கிரம் கிளம்பணும்னு சொல்லிடுங்க." நான் போய்ச் சொல்வேன். வீட்டில் பெரியவன் ஒருவன் இருந்தால் அவனைத் தாண்டிப் பேசக்கூடாது என்று வைத்திருக்கிறான். இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை அப்படி இருக்கிறது, சொல்லுங்கள்.

இன்னொரு சேதி. தமிழ் வந்துவிட்ட திமிரில் நூலகத்தில் சனிக்கிழமை ஆங்கில வகுப்பில் சேர்ந்துவிட்டேன். டீச்சர் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தாள் தருகிறார். அந்தப் பருவத்தில் ஆங்கிலம் பேசும் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள், என்ன சொலவடை சொல்வார்கள் என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும். மேலே கட்டம் கட்டமாகப் புதிர். வெளியாள் உதவி கேட்கலாம் என்றார் டீச்சர். நீங்கள் முப்பத்தாறு வருஷம் ஆபீசில் ஆங்கிலம் தட்டச்சு செய்தவர். ஒரு கடிதத்துக்கு ஒரு சொல் என்று தாளைத் தபாலில் அனுப்பி மாற்றி மாற்றி நிரப்புவோமா? முதல் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். போனில் நீங்களும் "என்ன, என்ன" என்கிறீர்கள், நானும் "என்ன, என்ன" என்கிறேன். தாளுக்குக் காது கேட்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

ஜனவரி 21

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் 12ஆம் தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றேன். கையெழுத்தில் ஒரு குறையும் காணவில்லை. மாப்பிள்ளையும் தாங்களும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. எனக்கு முழங்காலில் தையல் பிரித்தாயிற்று. கைத்தடியுடன் தெருக் கோடி வரை நடக்கிறேன்.

புதிர் யோசனை சிறப்பானது. தாளை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் எதுவும் நிரப்பவில்லை. முதல் சொல் தாங்கள்தான் எழுத வேண்டும். அதுதான் முறை.

மகள் நலமாக இருக்கிறாள். தங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

பணிவுடன்,
தங்கள் சம்பந்தி

ஜனவரி 28

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தெருக் கோடி வரை நடந்தது நல்ல சேதி. நான் 'ரைட் ஆஸ் ரெயின்' ஆக இருக்கிறேன். அதாவது மழையைப் போலச் சரியாக இருக்கிறேன். மழைக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம் என்று டீச்சரிடம் கேட்டேன். "எங்களுக்கும் தெரியாது, அப்படியே மனப்பாடம் பண்ணிக்கோங்க" என்றார். படித்தவர்கள் தெரியாது என்று சொல்லக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

முதல் சொல்லை எனக்கு விட்டதற்கு நன்றி. "இலைகள் உதிரும், நான் எந்தக் காலம்?" என்று கேள்வி. கட்டம் ஆறு. படத்தில் மொட்டை மரம், கோட்டு போட்ட ஒருவர். குளிர்காலம்தானே? 'வின்டர்' என்று எழுதினேன். அகராதியைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக இறக்கினேன். ஆறு கட்டத்திலும் சரியாக உட்கார்ந்துவிட்டது. மேஜையைத் தட்டினேன், மகன் திரும்பிப் பார்த்தான். கீழே உள்ள பொடி எழுத்துப் பத்தியை நான் தொடவில்லை. அதைப் படிக்க எனக்கு ஒரு மாதம் வேண்டும்.

புது வருஷத்தில் அவர்கள் ஆளுக்கு ஒரு உறுதி எடுப்பார்களாம். அதற்கு 'புது இலையைப் புரட்டுவது' என்று பெயர். இலை என்றால் இங்கே புத்தகத்தின் பக்கம். நானும் ஒரு உறுதி எடுத்தேன். இனி எதற்கும் கைநாட்டு வைப்பதில்லை. மகனிடம் "நீ என்னடா எடுத்திருக்க?" என்றேன். "கேஸ் சிலிண்டர் புத்தகத்தை அவ எங்க வெச்சான்னு கேட்டு எழுதுங்கப்பா" என்றான். அதுதான் அவன் உறுதி போலிருக்கிறது. உங்கள் மகளிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

எப்போது வருகிறாள் என்று நீங்கள் எழுத விட்டுப்போயிற்று.

உங்கள் சம்பந்தி

பிப்ரவரி 24

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். பதில் தாமதமானதற்குப் பொறுத்தருள வேண்டும். தங்கள் உடல்நிலை எப்படி? எனக்கு இப்போது கைத்தடி தேவைப்படவில்லை.

'வின்டர்' கண்டேன். மிக அழகாக எழுதியிருக்கிறீர்கள். அதன் இரண்டாம் எழுத்தைத் தொட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக ஒரு சொல். "மரத்திலிருந்து பறிப்பது," ஐந்து எழுத்து. 'ட்விக்ஸ்' என்று நிரப்பியிருக்கிறேன். சுள்ளிகள் என்று பொருள்.

கேஸ் புத்தகம் சமையலறை இரண்டாவது இழுப்பறையில், விரித்திருக்கும் தாளுக்கு அடியில் உள்ளதாம். பொழுது போகவில்லை என்று மகள் இங்கே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை வேளைகளில் வேலைக்குப் போய் வருகிறாள். தற்காலிகம்தான். தாங்கள் தவறாக எண்ண வேண்டாம்.

பணிவுடன்,
தங்கள் சம்பந்தி

மார்ச் 3

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். கைத்தடியைத் தூக்கிப் போட்டதைப் படித்துவிட்டு, வாசலில் போன தபால்காரரைக் கூப்பிட்டு அந்த வரியைப் படித்துக் காட்டினேன். அவர் இத்தனை வருஷம் எனக்குக் கடிதம் படித்துக் காட்டியவர். "என் பிழைப்பைக் கெடுத்துட்டீங்களே பெரியவரே" என்றார்.

கேஸ் புத்தகம் சொன்ன இடத்தில் இருந்தது. மகன் வாங்கிக்கொண்டான். மருமகள் வேலைக்குப் போவதை நான் ஏன் தவறாக எண்ண வேண்டும்? படித்த படிப்பு வீணாகாது. இங்கேயும் ஒரு முறை அந்தப் பேச்சு எழுந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

உங்கள் சுள்ளியின் கடைசி எழுத்தில் தொடங்கி நான் ஒரு சொல் நிரப்பினேன். "இலை இதில்தான் முளைக்கும்," நாலு எழுத்து. 'ஸ்டெம்'. தண்டு. நாமிருவரும் சேர்ந்தால் ஒரு பேராசிரியர் தேறுவார்.

வகுப்பில் இப்போது வசந்தம் நடக்கிறது. குளிர் போனதும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்வார்களாம். 'ஸ்பிரிங் கிளீனிங்'. பாடத்தைச் செய்தே பார்த்துவிடுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தேன். சமையலறைக்குப் பின்னால் சாமான் அறை இருக்கிறதே, அதில் அலமாரிக்கு அடியில் ஒரு பாய் சுருட்டி வைத்திருந்தது. ஒரு தலையணை, ஒரு சின்ன மின்விசிறி, அலாரம் கடிகாரம், தலைமுடிக் கிளிப் இரண்டு. யாருடையது என்று தெரியவில்லை. விருந்தாளி யாரும் வந்து தங்கியதாக ஞாபகம் இல்லை. நான் எட்டரை மணிக்கே முன்னறையில் படுத்துவிடுகிறவன். ஆனால் தலையணை உறையைக் கையில் எடுத்தால் எனக்குத் தெரியும். அது ஒரு நாள் இரண்டு நாள் தலை வைத்த உறை அல்ல. துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன்.

உங்கள் கால் சரியாகிவிட்டதால் மகனை அனுப்பி மருமகளை அழைத்துவரச் சொல்லட்டுமா? தேதி எழுதுங்கள்.

உங்கள் சம்பந்தி

ஏப்ரல் 10

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நலம். நலமறிய ஆவல். இங்கே வெயில் கடுமையாக இருக்கிறது.

'ஸ்டெம்' மிகப் பொருத்தம். 'வின்டர்' ஐந்தாம் எழுத்திலிருந்து கீழ்நோக்கி நாலு எழுத்து. "பெரிதாக, மஞ்சளாக எழுவது" என்று குறிப்பு. 'ஈஸ்ட்' என்று நிரப்பியுள்ளேன். கிழக்கு. எழுவதெல்லாம் அங்கேதானே எழுகிறது.

தேதி குறித்துப் பிறகு எழுதுகிறேன்.

பணிவுடன்,
தங்கள் சம்பந்தி

ஏப்ரல் 20

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறேன்.

நேற்று நம் தாளைப் பெருமையாக டீச்சரிடம் கொடுத்தேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஐயா, இது யார் கூடப் போட்டீங்க?"

"எங்க சம்பந்தி கூட."

"அவருக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"முப்பத்தாறு வருஷம் டைப்பிஸ்ட். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்."

"அப்ப அவர் வேணும்னேதான் செஞ்சிருக்கார். எல்லாச் சொல்லும் கட்டத்துல பொருந்துது. ஆனா ஒண்ணுகூடச் சரியில்ல."

என் முதல் சொல்லே தவறாம். இலை உதிர்வதற்கென்று தனியாக ஒரு காலம் வைத்திருக்கிறார்கள், அதன் பெயர் 'ஆட்டம்'. அதில் ஆட்டமும் இல்லை பாட்டமும் இல்லை, இலை கொட்டுவது மட்டும்தான். அவர்களுடைய நாலு காலத்துக்குமே ஆறெழுத்துதான் பெயராம். அதனால் எது போட்டாலும் உட்கார்ந்துவிடும். மரத்திலிருந்து பறிப்பது பழம். "சுள்ளியை யாராவது பறிப்பாங்களா ஐயா, பொறுக்கத்தானே செய்வாங்க?" என்றார். இலை முளைப்பது மரத்தில். பெரிதாக மஞ்சளாக எழுவது நிலா. இதெல்லாம் கீழே பொடி எழுத்தில் எழுதியே இருக்கிறதாம். அறுவடை முடிந்து பெரிய நிலா வெளிச்சத்தில் அக்கம்பக்கத்தார் கூடிச் சாப்பிடுவார்கள் என்று. நான் படிக்கவில்லை. நீங்கள் படித்திருப்பீர்கள்.

வகுப்பில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. "உங்க சொல் தப்புன்னு சொல்ல மனசு வராம, அவர் தன்னோட சொல்லையெல்லாம் தப்பாக்கிக்கிட்டார்" என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். நான் மாப்பிள்ளையின் அப்பா, நீங்கள் பெண்ணின் அப்பா. கல்யாணத்தன்று நான் கேட்காமலே எனக்கு நாற்காலி போட்டீர்கள். ஐந்து வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் நீங்கள் இல்லை என்று சொன்னதில்லை. அதை நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கேட்கிறேன். ஒரு காகிதப் புதிருக்கே இவ்வளவு வளைந்து கொடுத்தவர் வேறு எதையெல்லாம் சொல்லாமல் விட்டீர்கள்? தேதி ஏன் எழுதவில்லை? அந்தப் பாய் யாருடையது?

கேட்டதற்குப் பதில் எழுதுங்கள். மரியாதை வேண்டாம்.

உங்கள் சம்பந்தி

மே 19

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? வெயிலில் வகுப்புக்கு நடந்து போகாதீர்கள். குடை கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது.

அப்பா உங்களுக்கு நாலு முறை பதில் எழுத ஆரம்பித்தார். நாலையும் கிழித்துவிட்டார். அதனால் நான் எழுதுகிறேன். உங்கள் எழுத்து முன்பைவிட நன்றாக இருக்கிறது. 'ழ' மட்டும் இன்னும் கொஞ்சம் வளைய வேண்டும்.

பாய் என்னுடையது. வேலைக்குப் போகட்டுமா என்று நான் கேட்ட நாளிலிருந்து அவர் என்னிடம் பேசவில்லை. நான் கிளம்பி வந்தபோது பதினொரு மாதம் ஆகியிருந்தது. திட்டவில்லை, அடிக்கவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். "அவகிட்ட சொல்லுங்க" என்று உங்களிடம் சொல்லும்போது நான் அடுத்த அறையில்தான் இருப்பேன். எனக்குக் கேட்கும். நீங்கள் நடந்து வந்து அதையே மறுபடி சொல்வீர்கள். நான் "சரி மாமா" என்பேன். அவருக்கும் அது கேட்கும்.

அந்த வீட்டில் என்னுடன் பேசியவர் நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் சாயங்காலம் உங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். அ, ஆ என்றாவது வாயைத் திறக்கலாமே என்று. எனக்காகத்தான் செய்தேன், உங்களுக்காக அல்ல. நீங்கள் நன்றி சொல்லும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

நான் திரும்பி வர விரும்பவில்லை. இதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் "மாப்பிள்ளை வீட்டார் கூப்பிட்டா அனுப்பாம எப்படிம்மா இருக்கறது?" என்கிறார். உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே இருக்கிறார். இன்னொரு முறை நீங்கள் கூப்பிட்டால் என்னை அனுப்பிவிடுவார், மாமா. நானும் வந்துவிடுவேன். அவருக்கு அதற்கு மேல் தெம்பு இல்லை.

மருமகள்

மே 27

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம்.

மருமகள் எழுதிய கடிதத்தை நானே படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. படித்தவர்கள் ஒரு வரியை விழுங்கிவிட்டுப் போகலாம். எனக்கு ஒவ்வொரு எழுத்தாகத்தான் இறங்கும்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மகன், "அவ எப்ப வரான்னு எழுதிக் கேளுங்கப்பா" என்றான்.

"நீயே எழுது" என்றேன்.

"எனக்கு எங்க நேரம்?"

"பதினொரு மாசம் அவகூடப் பேசலையாமே."

தட்டைப் பார்த்துக்கொண்டே, "அவ சொன்னாளா?" என்றான்.

"நான் கேட்டேன், சொன்னா. எதுக்குடா?"

வெகுநேரம் யோசித்தான். சம்பந்தி, அவன் நடிக்கவில்லை. உண்மையாகவே யோசித்தான். "கோவமா இருந்தேன். எதுக்குன்னு இப்ப ஞாபகம் இல்ல. அப்புறம் அதுவே பழகிடுச்சு."

"ஒரு பொண்ணைச் சாமான் அறையில படுக்க வெச்சிட்டுப் பழகிடுச்சுங்கிற."

"நானா அங்க போய்ப் படுன்னு சொன்னேன்?"

"நீ எதைத்தான் சொன்ன?"

அதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்கதான் போய்ப் போய் சொல்லிட்டு இருந்தீங்களேப்பா. வேலை நடந்துச்சு. பேச வேண்டிய அவசியமே வரல."

எனக்குத் தெரியாமல் போயிற்று. மரியாதை என்று நினைத்துக்கொண்டு இரண்டு அறைக்கும் நடுவில் தபால்காரன் வேலை பார்த்திருக்கிறேன்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். மருமகளை அனுப்ப வேண்டாம். நான் கூப்பிட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மகன் வந்து கூப்பிட்டாலும் அனுப்ப வேண்டாம். உங்களுக்கு மாப்பிள்ளை வீட்டார் சொல் என்றால் பெரியது. இதுதான் மாப்பிள்ளை வீட்டார் சொல். மார்ச் மாதக் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய சான்றிதழ்கள், சாமான் அறையில் இருந்தவை, மற்ற துணிகள் எல்லாவற்றையும் இரண்டு பெட்டியில் கட்டிப் பார்சலில் போட்டிருக்கிறேன். துணி மடிப்பதில் குறை சொல்ல முடியாது, அது என் தொழில். எந்தப் பெட்டியில் என்ன என்று மேலே நானே எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று. கோடைக்காலத் தாள் வந்திருக்கிறது. முதல் சொல்லை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். "வெயில் அடிக்கும்போதே இதைத் தயார் செய்," மூன்று எழுத்து. 'ஐஸ்' என்று போட்டேன். வெயிலுக்கு வேறென்ன வேண்டும்? தவறு என்றால் தவறு என்று எழுதுங்கள். கட்டத்திலும் சரி, கடிதத்திலும் சரி.

உங்கள் சம்பந்தி

ஜூலை 2

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் நலம். தாங்கள் நலமா?

இரண்டு பெட்டிகளும் வந்து சேர்ந்தன. மகளுக்குப் பரிசோதனைக் கூடத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. பிரிவதற்கான மனுவில் இருவரும் கையெழுத்திட்டுவிட்டதாக வழக்கறிஞர் தெரிவித்தார். மாப்பிள்ளை என்று இனி எழுதக்கூடாது என்பதால், தங்கள் மகனும் மறுக்காமல் கையெழுத்திட்டார் என்று எழுதுகிறேன்.

தாங்கள் கேட்டபடி தவறுகளைக் குறிப்பிடுகிறேன். 'ஐஸ்' தவறு. சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். விடை 'ஹே', அதாவது வைக்கோல். வெயில் இருக்கும்போதே வைக்கோலை உலர்த்திக்கொள் என்பது அவர்கள் பழமொழி. நாம் காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்கிறோம். கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

கடிதத்திலும் ஒரு தவறு. "எனக்குத் தெரியாமல் போயிற்று" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. தெரியாமல் போகவில்லை. தாங்கள் கேட்கவில்லை. அது மூன்று அறை உள்ள வீடு. ஒரு கணவன் தன் மனைவியிடம் நேராக ஒரு சொல் பேசி எத்தனை நாள் ஆயிற்று என்று ஒரு தகப்பனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றாதது தங்கள் குற்றம்.

இதை எழுத எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. அதிகாரிகள் தப்பாகச் சொன்னால் தப்பாகவே தட்டச்சு செய்து பழகிய கை இது. என் மகள் போன வருஷம் இரண்டு முறை இங்கே வந்தாள். இரண்டு முறையும் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. இரண்டு முறையும் பையைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டவன் நான். அது என் குற்றம். அதைத் தங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தங்களை இனி எப்படி அழைப்பது என்று தெரியாததால் மேலே ஐயா என்று எழுதியுள்ளேன்.

பணிவுடன்,
(கீழே கையெழுத்து மட்டும்)

ஜூலை 9

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். வேறு சொல் கிடைக்கும்வரை இதையே எழுதுகிறேன். உறவு முறிந்தால் சம்பந்தியை என்னவென்று கூப்பிடுவது என்று டீச்சரிடம் கேட்டேன். ஆங்கிலத்தில் சம்பந்திக்கே சொல் இல்லையாம். அவர்களுக்குக் கொடுக்கவே பெயர் இல்லை. நமக்குக் கொடுத்த பெயரைத் திரும்ப எடுக்கத் தெரியவில்லை.

நான் நலம். உங்கள் கால் நலமா? மருமகளுக்கு வேலை நிரந்தரமானது குறித்து மகிழ்ச்சி. 'ழ' இந்தக் கடிதத்தில் நன்றாக வளைந்திருக்கிறது என்று அவளிடம் காட்டுங்கள்.

சிவப்பு மையைப் பார்த்தேன். வகுப்பில் எல்லாருக்கும் காட்டினேன். "என் சொல்லை அடிச்சிட்டார் பாருங்க" என்றேன். பக்கத்து இருக்கை தையல்காரர், "அதுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷப்படறீங்க?" என்றார். அவருக்கு விளக்க நேரமில்லை.

என் குற்றத்தைப் பற்றி எழுதிய இடத்தை வகுப்பில் காட்டவில்லை. வீட்டில் வைத்து நாலு நாள் படித்தேன். முதல் நாள் உங்கள்மேல் கோபம் வந்தது. அதை எழுதாமல் விட்டால் மறுபடி பழைய கதைதான் என்பதால் எழுதுகிறேன். இரண்டாம் நாள் அந்த மூன்று அறையையும் எட்டு வைத்து அளந்து பார்த்தேன். அவன் நாற்காலியிலிருந்து அடுப்படிக்குப் பதினான்கு எட்டு. பதினொரு மாதம் அந்தப் பதினான்கு எட்டை நான் நடந்திருக்கிறேன். நீங்கள் எழுதியது சரி. அடிக்க வேண்டியதில்லை.

மகன் மனுவில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. இன்றோடு பதினெட்டு நாள். இந்த முறை நடுவில் போய்ச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. காலையில் அவன் முன்னால் போய் நின்று, "சாப்பிட்டியா? சட்டை ஈரமா இருக்கு, மாத்திட்டுப் போ" என்று நேராகச் சொல்கிறேன். பதில் வராது. சாயங்காலம் மறுபடி சொல்கிறேன். நேற்று ஈரச் சட்டையை மாற்றிக்கொண்டு போனான். பேசவில்லை. கதவை மட்டும் மெதுவாகச் சாத்தினான்.

கோடைத் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கீழே உள்ள பொடி எழுத்துப் பத்தியை முழுக்கப் படித்துவிட்டேன். பதினாறு வரி, ஆறு நாள். 'ஹே' போட்ட இடத்திலிருந்து கீழே நாலு எழுத்துச் சொல் ஒன்று. எனக்கு விடை தெரியும். ஆனாலும் எழுதவில்லை. இந்த முறை நீங்கள் எழுதுங்கள், சரியா தவறா என்று நான் பார்க்கிறேன்.

அடுத்த வாரமும் எழுதுவேன். வேண்டாம் என்று பட்டால் வேண்டாம் என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். யாரிடமும் சொல்லி அனுப்பக்கூடாது.